விசாரணைக்கு வந்த வைத்திலிங்கம்

அத்தியாயம் 9

மஞ்சக்குப்பத்தில் எங்கள் தெருவுக்கு யார் வந்தாலும், எதற்கு வந்தார்கள் என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். ஜெராக்ஸ் கடை மாடியில் தமிழ்ச்செல்வி துப்பறியும் அலுவலகம் திறந்த பிறகு அது மூன்று நிமிடமாகக் குறைந்துவிட்டது. தலையைக் குனிந்துகொண்டு படி ஏறினால் குடும்ப விவகாரம். நிமிர்ந்து ஏறினால் சொத்து விவகாரம். 2010 ஜூலையில் ஒரு வெள்ளிக்கிழமை காலை வைத்திலிங்கம் இரண்டு படி ஏறுவதும் ஒரு படி இறங்குவதுமாக இருந்தார். அரசாங்க விவகாரம் என்று கீழே நின்றவர்கள் அப்போதே முடிவு கட்டிவிட்டோம்.

வைத்திலிங்கம் துறைமுகம் இருக்கிற கடலூர் ஓ.டி.யில் சுங்க ஏஜென்ட். கப்பலில் சரக்கு அனுப்புகிறவர்களுக்காகச் சுங்க ஆபீசில் காகிதம் போட்டு, முத்திரை வாங்கிக் கொடுக்கிற தொழில். அதற்கு லைசென்ஸ் வேண்டும், லைசென்சுக்குப் பரீட்சை உண்டு. மனிதர் ஆறு தடவை கோட்டை விட்டு ஏழாவது தடவை தேறியவர். பதினெட்டு வருஷமாக அந்த லைசென்சைக் கண்ணாடி போட்டு மாட்டி, தினமும் ஊதுவத்தி கொளுத்திக்கொண்டிருந்தார். ஏப்ரல் மாதம் அதை ரத்து செய்து, ஆளனுப்பிச் சட்டத்தோடு கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். முந்திரிப் பருப்பு என்று அவர் கையெழுத்துப் போட்டு அனுப்பிய பெட்டியில் வெறும் முந்திரித் தோடு இருந்ததாம். ஐம்பத்து நாலு வயதில் வேறு தொழிலுக்குப் போக அவருக்கு ஒரு தொழிலும் தெரியாது.

"யக்கா, சார் உட்கார மாட்டேங்கிறாரு" என்றான் காத்தவராயன். தமிழ்ச்செல்வியின் உதவியாளன். பஸ் கண்டக்டராக இருந்து, வாயால் வேலையை இழந்து, அதே வாயால் இந்த வேலையைப் பிடித்தவன்.

"உட்காருங்க" என்றாள் தமிழ்ச்செல்வி. உட்கார்ந்தார்.

"திங்கக்கிழமை ஹைகோர்ட்டுல நம்ம ரிட்டு வருது மேடம். வக்கீல் அன்பரசு கையில ஒரு ஆதாரமாவது குடுங்கன்னு உயிர எடுக்கிறாரு."

"எதுக்கு ஆதாரம்? நீங்க தப்பு பண்ணலன்னா?"

"அதான் இல்ல. நான் யோக்கியனான்னு ஹைகோர்ட்டு பார்க்காதாம். என்னைக் கேட்டுட்டு லைசென்சப் புடுங்குனாங்களா, கேக்காம புடுங்குனாங்களா, அத மட்டும்தான் பார்க்குமாம்."

"நல்லதாப் போச்சு" என்றான் காத்தவராயன். "யோக்கியனான்னு பார்க்கிறதுன்னா டைம் ஜாஸ்தி ஆவும்."

வைத்திலிங்கம் முறைத்துவிட்டுத் தொடர்ந்தார். "என்னை ஒருத்தரும் கேக்கல மேடம். ஆனா கேட்டதா எழுதி வெச்சிருக்காங்க."

இரண்டு ஜெராக்ஸ் தாள்களை நீட்டினார். ஒன்று ரத்து உத்தரவு. மார்ச் 17, புதன்கிழமை, காலை பதினொரு மணிக்கு ஏஜென்ட் வைத்திலிங்கம் விசாரணைக்கு நேரில் ஆஜரானார், ஐந்து குற்றச்சாட்டுகளையும் ஒப்புக்கொண்டு எழுத்துமூலம் வாக்குமூலம் தந்தார் என்றது அது. இன்னொன்று அந்த வாக்குமூலம். வைத்திலிங்கத்தின் பெயர் அச்சடித்த லெட்டர்பேடில் பேனாவால் நாலே வரி.

"கையெழுத்து யாருது?"

"என்னுது."

"மேல இருக்கிற நாலு வரி?"

"என்னுது இல்ல. பாம்பு ஊர்ந்த மாதிரி இருக்குது பாருங்க."

"உடம்பு வேற யாருதோ, காலு மட்டும் சாருது" என்றான் காத்தவராயன்.

தமிழ்ச்செல்வி தாளைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தாள். கிட்டத்தில் பிடித்துப் பார்ப்பவர்களைத்தான் நாம் துப்பறிகிறவர்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். நாலு வரி தாளின் உச்சியில் இருந்தது. கையெழுத்து அடியில் இருந்தது. நடுவில் ஒரு வீட்டு மனை அளவுக்குக் காலியிடம்.

"எழுதினத படிச்சிட்டுக் கையெழுத்துப் போடுறவரு எழுத்தை ஒட்டித்தான் போடுவாரு. இவரு அடியில போயி போட்டிருக்காரு. போடுறப்ப மேல ஒண்ணும் இல்ல, எவ்வளவு வரும்னும் தெரியாது. வெத்துத் தாள்ல கையெழுத்துப் போட்டு வெப்பீங்களா?"

"எல்லா ஏஜென்ட்டும் வெக்கிறதுதான் மேடம்" என்று வைத்திலிங்கம் ரோஷப்பட்டார்.

"தினமுமா?"

"சேச்சே. நான் ஊர்ல இருந்தா எழுதின பேப்பரத்தான் கொண்டாந்து நீட்டுவாங்க, போட்டுத் தருவேன். வெளியூர் போறப்ப மட்டும் ஒரு அம்பது தாள்ல போட்டு மேசைல வெச்சிட்டுப் போவேன்."

"வெளியூருக்கு எப்ப போவீங்க?"

"நான் எங்க மேடம் போறேன்? மாமியார் வீட்டுக்கே போறதில்ல. வருஷத்துல ஒரு பத்து நாளு, ஏஜென்ட் பரீட்சை எழுதுற புள்ளைங்களுக்கு சிதம்பரத்துல லாட்ஜுல தங்கி க்ளாஸ் எடுப்பேன். அவ்வளவுதான்."

"எந்த மாசம்?"

"மார்ச்சு ரெண்டாவது வாரத்துல ஆரம்பிச்சு…" வைத்திலிங்கத்தின் வாய் திறந்தபடி நின்றது.

நாலு மாதமாக, அந்தப் புதன்கிழமை நான் எங்கே இருந்தேன் என்று மனைவியைக் கேட்டு, காலண்டரைக் கேட்டு, ஜோசியரைக்கூடக் கேட்டுவிட்டார். எதிராளி காட்டுகிற காகிதமே அதைச் சொல்லும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

"ஏழாவது தடவதான் பாஸ் பண்ணாருன்னு சொன்னப்பவே நெனச்சேன்" என்றான் காத்தவராயன்.

"அப்ப எவனோ என் தாளத் திருடிட்டான் மேடம்! நான் வராமயே வந்ததா எழுதிட்டானுங்க!"

"மேசை சாவி யாருகிட்ட இருக்குது?"

"என் மச்சான் இளவரசுகிட்ட. வீட்டுக்காரியோட தம்பி. சுங்க ஆபீசுக்குப் போற வர்ற வேலையெல்லாம் அவன்தான். தங்கமான பய. இப்ப ஒரு வாரமா லீவு, போனும் எடுக்கல."

தங்கமான பய போனை எடுக்கவில்லை என்பதைத் தமிழ்ச்செல்வி குறித்துக்கொண்டாள்.

மறுநாள் சனிக்கிழமை அவளும் காத்தவராயனும் சிதம்பரம் பஸ் ஏறினார்கள். கண்டக்டர் எப்படிச் சில்லறை கொடுக்க வேண்டும் என்று ஆலப்பாக்கம் வரைக்கும் காத்தவராயன் அந்தக் கண்டக்டருக்குப் பாடம் எடுத்தான். புதுச்சத்திரத்தில் அவர் இருவரையும் பின் சீட்டுக்கு மாற்றிவிட்டார்.

வைத்திலிங்கத்தின் வகுப்பில் லீடராக இருந்தவள் சிந்துஜா. கீரப்பாளையத்துப் பெண், மேல வீதியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை. எழுத்துப் பரீட்சையில் தேறி, வாய்மொழித் தேர்வுக்காகக் காத்திருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் மேசைக்கு அடியிலிருந்து அட்டை போட்ட நீளமான நோட்டு ஒன்றை எடுத்தாள். வருகைப் பட்டியல் ஒட்டி, நாற்பத்திரண்டு பேர் கையெழுத்துப் போட்டு, பக்கத்துக்குப் பக்கம் எண் போட்டு வைத்திருந்தாள்.

"சார் பேசுனதுல ஒரு வார்த்த விட மாட்டேன் மேடம். இருமுனா இருமுனாருன்னு எழுதுவேன். எது கேள்வியா வரும்னு நமக்குத் தெரியாதுல்ல?"

"மார்ச் பதினேழு இருக்குதா?"

சிந்துஜா பக்கத்தைத் தேடிப் படித்தாள். "புதன். பத்து முப்பத்தஞ்சு, சார் லாட்ஜில் இருந்து வந்தார். பத்து அம்பது, சார் பேனா கேட்டார், கொடுத்தேன், திருப்பித் தரவில்லை. பதினொன்று, பாடம் ஆரம்பம். தலைப்பு இயற்கை நீதி. ஒருவரை நேரில் கேட்காமல் தண்டிக்கக் கூடாது. பதினொன்று பத்து, சார் தண்ணீர் குடித்தார்."

காத்தவராயன் எழுந்து நின்றுவிட்டான். "யக்கா! கடலூர்ல இவரு ஒப்புத்துக்கிட்டதா சொல்ற அதே நேரத்துல இங்க இயற்கை நீதி நடத்திக்கிட்டு இருந்திருக்காரு! நாப்பத்திரண்டு சாட்சி! தண்ணிக்கு வேற சாட்சி!"

தமிழ்ச்செல்வி அங்கிருந்தே வக்கீலுக்குப் போன் போட்டாள். மறுமுனையில் அன்பரசு சந்தோஷத்தில் கத்தியது கம்ப்யூட்டர் சென்டரில் எல்லோருக்கும் கேட்டது.

"அந்த நோட்ட அப்படியே கொண்டாந்துடுங்க மேடம். ஒரு பக்கம் கிழியக் கூடாது. நம்பர் போட்ட நோட்டுல ஒண்ணு கொறஞ்சாலும் சுங்க வக்கீலு அதையே புடிச்சிக்கிட்டுத் தொங்குவாரு."

போனை வைத்ததும் சிந்துஜா தயங்கிக் கேட்டாள். "நோட்ட எப்ப மேடம் திருப்பித் தருவீங்க? அடுத்த பக்கத்துலதான் கேள்வி பதிலு இருக்குது. ஓரலுக்கு அதைத்தான் மனப்பாடம் பண்ணிக்கிட்டு இருக்கேன்."

"படி பார்ப்போம்" என்றாள் தமிழ்ச்செல்வி.

"பதினொன்று இருபத்தஞ்சு. கேள்வி: சுங்க ஆபீசில் நம்மைக் கூப்பிட்டால் என்ன செய்வது? சார் பதில்: பதறக் கூடாது. நாம் போனால் நம் வேலை கெடும். நம்பிக்கையான ஆளிடம் கையெழுத்துப் போட்ட தாளைக் கொடுத்து அனுப்பிவிட வேண்டும். போன வாரம்கூட எனக்கு ஒரு கடிதம் வந்தது. நான் பிரிக்கவே இல்லை. மச்சானிடம் கொடுத்துப் போய் என்னவென்று பார் என்று சொல்லிவிட்டேன். இந்நேரம் முடித்திருப்பான். அடைப்புக்குறிக்குள், எல்லாரும் சிரித்தார்கள்."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. காத்தவராயன் மெதுவாக உட்கார்ந்தான்.

"திருடனே இல்லையா யக்கா?"

"இல்ல. இவரே அனுப்பியிருக்காரு. எதுக்கு அனுப்பினோம்னு இவருக்கே தெரியாது." தமிழ்ச்செல்வி நோட்டை மூடினாள். "சிந்துஜா, ஓரல்ல தயவுசெஞ்சு இந்தப் பதில சொல்லிடாத."

"தப்பா மேடம்? ஸ்டார் போட்டு வெச்சிருக்கேனே!"

இளவரசுவின் சொந்த ஊர் புவனகிரி, பக்கம்தான். வீட்டு வாசலில் மோட்டார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தான். முப்பத்தெட்டு வயது, நெற்றியில் விபூதி, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. பார்த்தால் வைத்திலிங்கத்தைவிட இவன்தான் லைசென்ஸ் வாங்கியவன் போல இருந்தான்.

"மார்ச் பதினேழு விசாரணைக்குப் போனது நீங்கதானா?"

"யெஸ் மேடம்" என்றான். மறைக்கவே இல்லை. மறைப்பான் என்று பஸ்ஸில் வரும்போது காத்தவராயன் தயாரித்து வைத்திருந்த ஒன்பது குறுக்குக் கேள்விகளும் வீணாகிவிட்டன.

"நீங்க வைத்திலிங்கம் இல்லன்னு சொல்லலியா?"

"கேட்டாத்தானே மேடம் சொல்றது? 'வாங்க வைத்திலிங்கம்'னு கூப்புட்டாங்க. பதினெட்டு வருஷமா அந்த ஆபீசுல என்னை அப்படித்தான் கூப்புடுறாங்க. மாமா பேருல காயிதம் குடுக்கிறேன், மாமா பேருல வாங்குறேன். அவுங்களுக்கு நான்தான் வைத்திலிங்கம்."

"குற்றத்த ஏன்யா ஒப்புத்துக்கின?" என்றான் காத்தவராயன்.

"அதிகாரி இங்கிலீஷுல கேட்டாரு. யெஸ் சார்னேன். நோன்னு சொன்னா அங்க ஃபைலு நவுராது, அதுதான் தொழில்ல மொதல்ல கத்துக்கிறது. அஞ்சு தடவ கேட்டாரு, அஞ்சு தடவயும் யெஸ் சார். எழுதிக் குடுங்கன்னாரு. தாளு கையில இருந்துச்சு, அவுரு இங்கிலீஷுல சொல்லச் சொல்ல, அர்த்தம் தெரியாம எழுத்துக்கூட்டி எழுதினேன். டீ கொண்டாரச் சொன்னாரு. ரொம்ப நல்ல மாதிரி."

"தூக்குல போடட்டுமான்னு கேட்டிருந்தா?"

இளவரசு யோசித்தான். கண் கலங்கிவிட்டது. "உத்தரவு வந்தப்பதான் அது இன்னா விசாரணைன்னே தெரிஞ்சுது. மாமா மூஞ்சில எப்படி முழிக்கிறது? நாலு மாசமா சோறு எறங்கல. ஹைகோர்ட்டுல கேசு வருதுன்னதும் லீவு போட்டுட்டேன்."

ஆக, என்னைக் கேட்கவில்லை என்று வைத்திலிங்கம் சொன்னதும் உண்மை. வைத்திலிங்கத்தைக் கேட்டேன் என்று அதிகாரி எழுதியதும் அவரைப் பொறுத்தவரை உண்மை. இரண்டு உண்மைக்கு நடுவில் ஒரு லைசென்ஸ் மாட்டிக்கொண்டிருந்தது.

அன்று சாயங்காலம் ஜெராக்ஸ் கடை மாடியில் வைத்திலிங்கம் அந்தப் பக்கத்தை மூன்று தடவை படித்தார்.

"இந்த ஒரு பக்கத்த மட்டும் எடுத்துட்டா…"

"எடுத்தா எண் இடிக்கும். எண் இடிச்சா நோட்டு போச்சு. நோட்டு போனா நீங்க சிதம்பரத்துல இருந்ததும் போச்சு" என்றாள் தமிழ்ச்செல்வி. "அதுவும் இல்லாம, நீங்க கிழிச்சா நான் இந்தக் கேசுல இல்ல."

"இதக் குடுத்தா நானே என் தலையில மண்ணு அள்ளிப் போட்டுக்கிற மாதிரி ஆவாதா? பார்க்காம கையெழுத்துப் போட்டாருங்கிறதுதானே மொத குற்றச்சாட்டு?"

"ஆமா. அது உண்மைதானே?"

வைத்திலிங்கம் நோட்டைத் தள்ளி வைத்தார். "மத்த நாலு?" என்று அவளே கேட்டாள்.

"சுத்தப் பொய் மேடம்! தோடுன்னு தெரிஞ்சே அனுப்பினேனாம், பெட்டிய நானே மாத்தினேனாம்! அந்த நாலுக்கும் என்கிட்ட பதிலு இருக்குது. ஒரு ஆளு கேக்க மாட்டேங்கிறான்!"

"கேக்க வெக்கணும்னா இந்த நோட்டு போயாவணும்."

மனிதர் நெடுநேரம் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தார். நாங்கள் பார்க்காதது போல வேறு பக்கம் திரும்பிக்கொண்டோம். பிறகு வக்கீலுக்குப் போன் போட்டு, பிரமாணப் பத்திரத்தில் மச்சானை அனுப்பியதையும் சேர்த்தே எழுதச் சொன்னார். அன்பரசு மூன்று பக்கம் தயார் செய்து, கையெழுத்துக்காக மறுநாள் சென்னையிலிருந்து தன் ஜூனியரோடு அனுப்பினார். வைத்திலிங்கம் அதை விரலை வைத்து வரி வரியாகப் படித்ததில் ஜூனியர் பிடிக்க வேண்டிய சென்னை பஸ்ஸைக் கோட்டை விட்டார்.

திங்கட்கிழமை சுங்க வக்கீல் அந்த நோட்டை நீதிபதிக்கு முன்னால் ஆட்டி ஆட்டிக் காட்டினார். "தானே ஆளை அனுப்பிவிட்டு, என்னைக் கேட்கவில்லை என்று வருகிறார்!"

நீதிபதி நோட்டை வாங்கித் தண்ணீர் குடித்தது வரைக்கும் படித்தார். மனுதாரர் செய்தது தவறா என்று இந்த நீதிமன்றம் சொல்லப்போவதில்லை, அது அதிகாரியின் வேலை என்றார். ஆனால் எதிரில் உட்கார்ந்தவர் யார் என்றுகூடக் கேட்காமல் நேரில் ஆஜரானார் என்று எழுதி, அதை வைத்து ஒருவர் பிழைப்பை எடுத்திருப்பதை ஏற்க முடியாது. ரத்து உத்தரவு நிறுத்திவைப்பு. ஜூலை 30, வெள்ளிக்கிழமை மனுதாரரை அடையாளம் சரிபார்த்து விசாரிக்க வேண்டும். அன்று மாலைக்குள் அவர் விசாரிக்கப்படாவிட்டால் பழைய உத்தரவு மறுபடி உயிர் பெறும்.

வைத்திலிங்கம் சந்தோஷமாகத்தான் ஊர் திரும்பினார். அடையாளம் என்ற வார்த்தையை யாரும் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

முப்பதாம் தேதி பதினொரு மணிக்கு அவர் அதிகாரி முன்னால் போய் நின்றார். கூடத் தமிழ்ச்செல்வியும் காத்தவராயனும். மே மாதம் மாற்றலாகி வந்த புது அதிகாரி. ஹைகோர்ட்டிடம் குட்டு வாங்கிய ஆபீஸ் என்பதால் புத்தகப்படி நடந்தார்.

"ஏஜென்ட் அடையாள அட்டை?"

"லைசென்சோட சேர்த்து நீங்கதான் சார் வாங்கிட்டீங்க."

"வேற?"

வாக்காளர் அட்டையை நீட்டினார். அதிலிருந்த படத்தில் வைத்திலிங்கமும் இருக்கலாம், எல்லை அய்யனாரும் இருக்கலாம். அதிகாரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து மேசைமேல் வைத்தார்.

"பதினெட்டு வருஷமா இந்த ஆபீசுக்கு வர்றீங்க. இங்க உங்களத் தெரிஞ்ச ஒருத்தர் சொன்னாப் போதும்."

செக்‌ஷன் செக்‌ஷனாக ஆட்களை வரவழைத்தார். வந்து வந்து பார்த்தார்கள். ஒருவருக்கும் தெரியவில்லை. கடைசியில் வந்த பியூன் மட்டும் மகிழ்ச்சியோடு சொன்னார். "வைத்திலிங்கம் சாரா? அவுரு வெளிய பெஞ்சுல ஒக்காந்திருக்காரே சார்."

மணி பன்னிரண்டு. ஒன்று. இரண்டரை. வைத்திலிங்கத்தின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. இந்த ஆபீஸ் நம்புகிற ஒரே ஆள், மாமாவோடு கூட வந்து உள்ளே வரப் பயந்த இளவரசு, வெளியே பெஞ்சில் இருந்தான். பிரமாணப் பத்திரத்தில் வெறும் மச்சான் என்றுதான் இருந்தது, பெயர் கிடையாது. அவன் உள்ளே வந்து இவர்தான் வைத்திலிங்கம் என்று சொன்னால், அப்படியென்றால் நீ யார் என்ற கேள்வி வரும். ஆள்மாறாட்டத்துக்கு வழக்குப் போடலாம்.

"மச்சானக் கூப்புட வேணாம் மேடம்" என்றார். "அவனுக்கு ரெண்டு புள்ளைங்க இருக்குது. லைசென்சு போனாப் போவட்டும்."



கதவு திறந்தது. யாரும் கூப்பிடாமலே இளவரசு உள்ளே வந்தான். பியூன் நாற்காலியை இழுத்துப் போட்டார். அவன் உட்காரவில்லை.

"சார், இவருதான் வைத்திலிங்கம். என் மாமா. நான் இளவரசு. மார்ச்சுல வந்தது நான்தான்."

"அன்னிக்கு அஞ்சு குற்றச்சாட்டையும் ஒப்புத்துக்கிட்டீங்களே. அது உண்மையா?"

"நோ சார்" என்றான் இளவரசு. அந்த ஆபீசில் அவன் அதைச் சொல்வது முதல் தடவை. குரல் கிறீச்சிட்டது.

அதிகாரி அதை எழுதி வாங்கிக்கொண்டு, அவனைக் கண்டபடி திட்டி அனுப்பினார். வழக்குப் போடவில்லை. போட்டால் பதினெட்டு வருஷம் நீங்கள் யாரிடம் காகிதம் வாங்கினீர்கள் என்று தன் ஆபீசையே கேட்பார்கள் என்று அவருக்கும் தெரியாதா என்ன? மூன்று மணிக்குத் தொடங்கிய விசாரணை ஐந்தே முக்காலுக்கு முடிந்தது. வைத்திலிங்கம் ஒன்றை ஒப்புக்கொண்டார், நாலை உடைத்தார். ஒன்றுக்கு ஆறு மாதம் லைசென்ஸ் நிறுத்தம் என்று முடிவானது. ஏப்ரலில் இருந்தே கணக்கு.

அக்டோபரில் லைசென்சை நேரில் வந்து பெற்றுக்கொள்ளும்படி கடிதம் வந்தது. கடிதத்தைப் பிரித்து, படித்து, மாமனும் மச்சானுமாகவே போனார்கள். தபால் செக்‌ஷனில் தைலம்மாள் உறையையும் கையெழுத்துப் போட வேண்டிய ரசீதையும் எடுத்து நேரே இளவரசுவின் கையில் கொடுத்தாள்.

வைத்திலிங்கம் இரண்டையும் வாங்கி, உறையைப் பிரித்து, நின்ற இடத்திலேயே முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தார். வரிசை நீண்டது. பின்னால் நின்றவர்கள் முனகினார்கள். அவர் நிமிரவே இல்லை.

தைலம்மாள் கவுண்டர் வழியாகத் தலையை நீட்டி இளவரசுவிடம் கிசுகிசுத்தாள். "யாரு சார் இந்தப் பெரியவரு? புதுசா சேர்த்திருக்கீங்களா? படிக்காம கையெழுத்துப் போட மாட்டேங்கிறாரே, இவரெல்லாம் இந்தத் தொழிலுக்கு ஆவமாட்டாரு."